போணி ரேட் எவ்வளவு?

இருபத்திரண்டு வருடங்களாக நான் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்ப்ரசர், கட்டிங் ஆயில், கையுறை, கழிப்பறைத் துடைப்பம் எல்லாம் என் கையெழுத்தில்தான் உள்ளே வரும். ஆனால் எனக்கு ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் மிச்சமில்லை. இருந்த வெட்கத்தையெல்லாம் ஓசூர் பஜாரில் ஒரு வியாழக்கிழமை காலையிலேயே செலவழித்துவிட்டேன்.

இதில் என் தவறு பாதி, என்னை வளர்த்த விதம் பாதி. (என் மனைவி சுமதி இந்தக் கணக்கை ஏற்பதில்லை. முழுவதும் என் தவறுதான் என்பாள்.) நான் வளர்ந்தது ஓர் ஆலைக் குடியிருப்பில். அங்கே இருந்தது ஒரே ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை. வரிசையில் நிற்க வேண்டும், அட்டையை நீட்ட வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் விடுதிச் சாப்பாடு. அப்புறம் வேலை, கல்யாணம், ஓசூர். ஓசூரில் மெயின் ரோட்டில் இருந்த அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்.

அங்கே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடித்த காரியம். ஒரு பொருளை எடுப்பேன், அட்டையில் இருப்பதை முழுதும் படிப்பேன், இரண்டு வரிசை தள்ளிக் கொண்டுபோய் வேறெங்கோ வைத்துவிடுவேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி நிறைய எடுத்து, பில் போடும் வரிசையின் நீளத்தைப் பார்த்து, வண்டியை பிஸ்கட் பக்கம் ஓரங்கட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்திருக்கிறேன். ஏன் சார் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கடை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் கம்பெனியில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தூரத்திலிருந்து வாங்குவதைக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் சிறிய உற்பத்தியாளர்களிடம் வாங்கி அவர்களை வளர்க்க வேண்டும் என்பது பாடம். நல்ல பாடம்தான். எனக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, இனி சூப்பர் மார்க்கெட் வாசலை மிதிக்கப் போவதில்லை, நம்மூர் விவசாயி, நம்மூர்க் கடைக்காரர், இவர்களிடம்தான் எல்லாம் என்று சுமதியிடம் அறிவித்தேன். சுமதி பள்ளிக்கூடத்தில் ஏழு பீரியட் கத்திவிட்டு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“தக்காளி தீந்துபோச்சு. நம்மூர்லயே வாங்கிட்டு வாங்க” என்றாள்.

நான் அன்று களைப்பாக இருந்ததால் அவளே போய் வாங்கி வந்தாள். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே நடந்தது. கொள்கை என்னுடையது, பை அவளுடையது.

என் தங்கை செல்விக்கு ஏழாம் மாதம் வந்தபோதுதான் அந்தப் பை என் கைக்கு வந்தது. செல்வியைத் தருமபுரியில் கொடுத்திருக்கிறோம். எங்கள் அம்மா முந்தின வருடம்தான் தவறிப்போயிருந்தார். வளைகாப்பு தாய் வீட்டுச் செலவு, தாய் வீட்டு மரியாதை. தாய் இல்லாத இடத்தில் அண்ணனும் அண்ணியும்தான் முன்னால் நிற்க வேண்டும். செல்வி எதுவும் கேட்கிற பெண் இல்லை. முந்தின நாள் போனில், “அண்ணா, பச்சை வளையலோட கொஞ்சம் சிவப்பும் கலந்து வாங்கு. அம்மா அப்படித்தான் வாங்கியிருக்கும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு வேன் ஆளுங்க வர்றாங்க. அம்மா இல்லாத வீடுன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுண்ணா” என்றாள். நான் பார்த்துக்கிறேன் என்றேன். நான் பார்த்துக்கொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வளைகாப்பு ஓசூரில் எங்கள் வீட்டில். சமையலுக்கு ஆள் வைத்தாயிற்று. பூ, வாழைப்பழம், வெற்றிலை, கண்ணாடி வளையல் இவை மட்டும் என் பொறுப்பு. சுமதி வளையலை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடச் சொன்னாள். எனக்கு அந்த வாரம் முழுக்க ஆடிட். அதோடு ஒரு திட்டமும் இருந்தது. வியாழக்கிழமை காலை, கடைகள் திறக்கும்போதே போய்விட வேண்டும். கூட்டம் இருக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு வாங்க வேண்டும். கம்பெனியில் ஒரு டப்பா ஆணி வாங்கினாலும் அதுதான் முறை. தங்கையின் வளைகாப்புக்கு அதைவிடக் குறைத்துச் செய்தால் எப்படி? பதினொன்றிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம். ஆறரைக்கே ஒரு சிறிய நோட்டும் பேனாவுமாக ஸ்கூட்டரை எடுத்தேன். (நோட்டில் முந்தின நாளே கட்டம் போட்டு வைத்திருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சுமதி விடமாட்டாள்.)

பூக்காரர்கள் வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தது நஞ்சம்மா. பாகலூரைத் தாண்டி ஏதோ கிராமம். முதல் பஸ்ஸில் வந்து அப்போதுதான் கூடையை இறக்கி, பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணா, போணி பண்ணுங்க” என்றார்.

மல்லி முழம் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.

“போணிக்கோசரம் கம்மி பண்ணிக் குடுக்கறேன். எத்தினி மொழம்?”

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். போணி என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏதாவது ஒன்று விற்காமல் கிடந்தால் ‘போணியாகவில்லை’ என்று ஆபீசில் சொல்வோம். அதற்கு மேல் எனக்கு அதோடு பழக்கம் கிடையாது. நஞ்சம்மா விலையைக் குறைத்ததும், இது ஏதோ காலை நேரத் தள்ளுபடி என்று புரிந்துகொண்டேன். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ‘போணி ரேட்’ என்று தலைப்பு எழுதினேன். அதற்குள் அவர் பூச்சரத்தைக் கையில் அளந்து, கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டார்.

“இப்ப வேண்டாம்மா. கொட்டேஷன் மட்டும்தான். இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வர்றேன்.”

நஞ்சம்மாவின் கை அப்படியே நின்றது. “ஒரு மொழமாச்சும் வாங்கிட்டுப் போண்ணா” என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. என் தொழிலில் இந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். விற்பவர் கெஞ்ச ஆரம்பித்தால் விலை இன்னும் இறங்கும் என்று அர்த்தம். நகர்ந்துவிட்டேன்.

அடுத்தவரிடம் போய், “அங்க போணி ரேட் தர்றாங்க. நீங்க போணி ரேட் எவ்வளவு தருவீங்க?” என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு இன்னும் குறைத்துச் சொன்னார். மூன்றாவது ஆளிடமும் அதே கேள்வி. ஒவ்வொருவரிடமும் பூவை எடுத்து முகர்ந்து பார்த்தேன், சரத்தின் நெருக்கத்தைப் பார்த்தேன், எழுதிக்கொண்டேன், நகர்ந்தேன். வரிசை முழுக்க ஒரு அமைதி பரவியது. என் தொழில் நேர்த்தியைப் பார்த்துத்தான் அந்த அமைதி என்று நினைத்தேன்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் பூ நன்றாக இருந்தது நஞ்சம்மாவிடம்தான். திரும்பிப் போய்ப் பத்து முழம் கேட்டேன். அவர் முகத்தைத் தூக்கவில்லை.

“போணி ஆவாம உனக்கு அறுக்க மாட்டேன். தள்ளி நில்லு.”

தள்ளி நின்றேன். ஏதோ சரக்கு வர வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து, கோயிலுக்குப் போகிற ஒரு பெண் இரண்டு முழம் வாங்கினாள். நஞ்சம்மா அந்தக் காசைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டு, அதன் பிறகு எனக்கு அளந்து கொடுத்தார். விலை குறைக்கவில்லை. அளக்கும்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார் என்றும் எனக்குச் சந்தேகம். பஜாரில் எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும் போலிருக்கிறது என்று நோட்டில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய் விற்கிற வெங்கடப்பாவிடமும் இதே கதைதான். அவர் வீட்டில் தெலுங்கு. நான் சீப்புகளைப் புரட்டி, காம்பைத் தட்டி, போணி ரேட் கேட்டு, எழுதிக்கொண்டு அடுத்த இரண்டு கடைக்கும் போனேன். திரும்பி வந்தபோது அவரும் என்னை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துத்தான் கொடுத்தார். நான் நின்ற இடத்தில் ஒரு மாடும் நின்றது. அதை அவர் இரண்டு முறை அன்பாக விரட்டினார்.

எட்டே முக்காலுக்கு வளையல் கடைச் சந்துக்குள் நுழைந்தேன். மூன்று கடைகள். முதல் கடை அன்வர் பாயுடையது. அப்பா காலத்திலிருந்து அதே இடம். ஷட்டரைத் தூக்கி, வாசல் பெருக்கி, ஊதுபத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வளைகாப்பு என்றதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

“உட்காருங்க சார். காலையில மொத போணியே மங்கள காரியம். இதவிட என்ன வேணும்?”

இரண்டு நாலு, இரண்டு ஆறு, இரண்டு எட்டு என்று அளவு அளவாக டப்பாக்களை இறக்கினார். பச்சையில் ஆறு விதம், சிவப்பில் நாலு விதம். ஒவ்வொன்றையும் நூலைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார். வருகிற பெண்களுக்குக் கொடுக்க எத்தனை டஜன் ஆகும், பெரியவர்களுக்கு என்ன அளவு சரிப்படும் என்று அவரே யோசித்துச் சொன்னார். கடைசியில் நான் போணி ரேட் எவ்வளவு என்றேன். பாய் சிரித்தார்.

“நீங்க என்ன குடுத்தாலும் சரி சார். போணிக்கு நான் வெல பேச மாட்டேன்.”

இந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வளையல்களை போட்டோ எடுத்துக்கொண்டேன். “ரொம்ப நல்லாருக்கு பாய். மூணு கொட்டேஷன் முடிச்சிட்டு வந்துடறேன்” என்று எழுந்தேன். பாய் இறக்கிய முப்பது டப்பாவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கடை, அதற்குப் பக்கத்துக் கடை. அங்கேயும் டப்பாக்கள் இறங்கின, போட்டோ எடுத்தேன், எழுந்தேன். மூன்றாவது கடையில் நான் நின்றிருந்தபோது, அந்தக் கடைக்கு வாடிக்கையாகக் கொடுக்கிற பூவை எடுத்துக்கொண்டு நஞ்சம்மா வந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“இவரே. போணி கெடிஸ்பிட்ரு” என்றார் கன்னடத்தில்.

பின்னாலேயே தேங்காய் மூட்டையோடு வந்த வெங்கடப்பா, “போணி செடகொட்டாடு” என்று தெலுங்கில் சாட்சி சொன்னார்.

“எனக்கும் போணியக் கெடுத்துட்டாரு” என்று மூன்றாவது கடைக்காரர் தமிழில் முடித்தார்.

எங்கள் ஊரில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் கிடையாது. நான் கீரை என்றால் நஞ்சம்மா சொப்பு என்பார், வெங்கடப்பா ஆகுகூரா என்பார். அப்படிப்பட்ட ஊரில், அந்தச் சந்தில், மூன்று மொழிக்காரர்களும் மாற்றமே இல்லாமல் வைத்திருந்த ஒரே சொல் போணி. அதைத்தான் நான் ஒரே காலையில் மூன்று மொழியிலும் கெடுத்து வைத்திருந்தேன்.

எனக்கு அப்போதும் முழுக்கப் புரியவில்லை. அன்வர் பாயிடம் திரும்பிப் போய், உங்களிடமே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன், அந்த போணி ரேட்டிலேயே கொடுங்கள் என்றேன்.

“சார், போணின்னா ரேட்டு இல்ல சார்” என்றார் பாய். கோபம் இல்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். “கடை தொறந்து மொதல்ல வர்ற கை. அந்தக் கை வாங்கிட்டுப் போனா நாள் நல்லா ஓடும். தொட்டுப் பாத்து வெச்சிட்டுப் போனா, நாள் பூரா எல்லாரும் அப்டியே தொட்டுப் பாத்து வெச்சிட்டுப் போவாங்க. அதுக்காகத்தான் வெல கொறைச்சுக் குடுக்கறது. வித்தா போதும்னு.”

“இப்ப வாங்கறேனே பாய்.”

“வெச்சிட்டுப் போன கை சார் அது. அந்தக் கையில போணி பண்ண எனக்கு மனசு வரல. வேற யாராச்சும் வந்து போணி பண்ணட்டும். அப்புறம் நீங்க அள்ளிட்டுப் போங்க.”

மற்ற இரண்டு கடைக்காரர்களும் தங்களுக்கும் அப்படித்தான் என்று தலையை ஆட்டினார்கள். வளையல் கடைக்கு பதினொரு மணிக்கு மேல்தான் கூட்டம் வரும். அப்போது மணி ஒன்பதேகால். போனில் சுமதி.

“என்னங்க, வளையல் வாங்கியாச்சா? வேன் ராயக்கோட்டை தாண்டிடுச்சாம்.”

“கொட்டேஷன் முடிஞ்சிடுச்சு” என்றேன். சுமதி போனை வைத்துவிட்டாள். ராயக்கோட்டை ரோட்டில் சானமாவுப் பக்கம் யானை நின்றால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வருடக்கணக்காக அதற்காக அலுத்துக்கொண்டிருந்த நான், அன்று முதல் முறையாக அந்த யானைகளிடம் ஓர் உதவி கேட்டேன்.

கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரைத் திருப்பினேன். அங்கேயும் அப்போதுதான் திறந்திருந்தார்கள். அங்கேயும் நான்தான் முதல் ஆள். கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு பெண் குட்மார்னிங் சொன்னாள். அட்டையில் குத்திய பிளாஸ்டிக் வளையல் இருந்தது. கண்ணாடி வளையல் இல்லையா என்று கேட்டேன்.

“உடையற ஐட்டம் எதுவும் வெக்கறதில்ல சார்.”

அட்டையைத் திரும்ப வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. ஒன்பது கடைக்காரர்களுக்கு முகம் வாடவைத்த அதே காரியத்தை இங்கேயும் செய்தேன், இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் கட்டடத்துக்கு ஒன்றுதான். இத்தனை வருடம் அதைச் சௌகரியம் என்று நினைத்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் நாள் முழுக்கச் சொல்லியும் ஏறாதது அந்த இடத்தில் ஏறியது. ஏறி என்ன செய்வது, வளையல் வேண்டுமே.

சந்துக்குத் திரும்பினேன். இன்னும் ஒருவரும் வாங்கவில்லை. வழி ஒன்றுதான் இருந்தது. யாரையாவது கூட்டிவந்து போணி பண்ண வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் விற்க வந்தவர்களை ரிசப்ஷனில் உட்காரவைத்த மனிதன், பாய் மாதிரிக்குக் கொடுத்தனுப்பிய ஒரு டஜன் பச்சை வளையலோடு சந்து முனையில் நின்றேன்.

சந்து முனைக்கு எதிரேதான் நஞ்சம்மாவும் வெங்கடப்பாவும் கடை போட்டிருந்தார்கள். முதலில் நஞ்சம்மாவிடமே கேட்டேன். “அம்மா, நீங்களே ஒரு டஜன் வாங்கிக்குங்களேன். நான் காசு தர்றேன்.”

“எங்க வூட்டுக்காரர் போனதுலருந்து நான் கண்ணாடி வளை போடறதில்லண்ணா” என்றார், சாதாரணமாக. நீட்டிய வளையலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அந்தக் காலையில் என்னிடம் யாராவது கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கம்பெனி பஸ்ஸுக்காக யூனிபார்மில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களிடம் போய் வளையலை நீட்டினேன். “எங்களுக்கு லைன்ல வளையல் அலோவ் இல்ல சார்” என்றாள் ஒருத்தி. தெரியும். எங்கள் கம்பெனியிலும் அதே விதிதான். அதற்கான அறிவிப்புப் பலகையை வாங்கிக் கொடுத்தது நான். அடுத்து வந்த ஒரு அம்மா நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப் பக்கம் போய்விட்டார். அவர் போகிற வேகத்தைப் பார்த்து இன்னொரு அம்மாவும் போய்விட்டார்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. கட்டிங் ஆயில் விற்கிற ஒருவர். இரண்டு வருடமாக என்னைப் பார்க்க வருகிறார், நான் அவரை ரிசப்ஷனைத் தாண்டி விட்டதில்லை.

“சார், நீங்களா?”

நானேதான் என்பதை மறைக்க வழியில்லை. நிலைமையைச் சொன்னேன். வீட்டில் அக்கா, தங்கை, யாராவது இருந்தால் ஒரு டஜன் வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். வளையலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“மூணு கொட்டேஷன் வாங்கிட்டு வந்துடறேன் சார்” என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார்.

அவர் போன திசையிலிருந்துதான் அந்த வேன் வந்தது. முன்கண்ணாடியில் மஞ்சள் துணி. யானைகள் கைவிட்டுவிட்டன. ஓரத்து ஜன்னலில் செல்வி. சந்து முனையில், தோளில் பூப்பையோடு, போகிற வருகிற பெண்களிடம் வளையலை ஆட்டிக்கொண்டு நிற்கிற அண்ணனை அவள் பார்த்துவிட்டாள். வேன் நின்றது. முதலில் இறங்கியது அவள் மாமியார் பழனியம்மாள் அத்தை. நாங்கள் எல்லாம் சரியாக வாங்கியிருப்போமோ மாட்டோமோ என்று பூவும் வெற்றிலையும் தானே வாங்கிவிடத்தான் பஜார் வழியாக வரச் சொல்லியிருக்கிறார்.

“என்ன தம்பி, வேலைய விட்டுட்டியா?” என்றார்.

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். நஞ்சம்மாவும் வெங்கடப்பாவும் நான் விட்ட இடங்களையெல்லாம் நிரப்பினார்கள். என் நோட்டை வாங்கி, ‘போணி ரேட்’ என்ற கட்டத்தை அத்தையே சத்தமாகப் படித்தார். வேனுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று இரண்டாம் முறையும் படித்தார். நான் அன்று செத்துப்போயிருந்தால் வளைகாப்பு நின்றுவிடுமே என்ற ஒரே காரணத்துக்காக உயிரோடு நின்றேன்.

அத்தை நேராக அன்வர் பாய் கடைக்குப் போனார். தனக்கு ஒரு டஜன் கருநீல வளையல் எடுத்தார். விலை பேசவில்லை. பாய் தன் கடையில் மாட்டியிருந்த போன் பேமெண்ட் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, போணிக்கு ரொக்கம்தான் என்று கையை நீட்டி வாங்கி, நெற்றியில் வைத்துப் பெட்டியில் போட்டார். அடுத்த இரண்டு கடையிலும் அத்தை ஆளுக்கு அரை டஜன் வாங்கினார். சந்து முழுவதும் மூச்சு விட்டது. அத்தை என் பக்கம் திரும்பினார்.

“செல்விக்குப் போடறத நான் வாங்க முடியாது தம்பி. அது உங்க அம்மா வாங்க வேண்டியது. போ, வாங்கு.”

பச்சையில் சிவப்பு கலந்து எல்லா அளவிலும் வாங்கினேன். விலை கேட்கவில்லை. பாய் ஒவ்வொரு டஜனையும் பழைய செய்தித்தாளில் சுற்றும்போது, “பொண்ணுக்கு நல்லபடியா ஆகட்டும் சார்” என்றார். வேன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பதினொன்றரைக்கு வளையல் ஏறியது. நல்ல நேரம் தாண்டவில்லை. பழனியம்மாள் அத்தை நலங்கு வைக்க வந்த ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார். பாட்டுக்கு நடுவே சொன்னார், பந்தியில் சொன்னார், வேன் ஏறும்போது தெருக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா இல்லாத வீடு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு நேரமே இல்லை. மாலையில் எல்லாரும் போன பிறகு சுமதி என் நோட்டை எடுத்து பீரோவில், நிலப் பத்திரம் இருக்கிற தட்டில் வைத்துப் பூட்டினாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு எல்லாம் பஜாரிலிருந்துதான் வருகிறது. பையும் என்னுடையதாகிவிட்டது. ஆனால் நான் எந்தக் கடையிலும் முதல் ஆளாகப் போகக் கூடாது. இது எழுதப்படாத உடன்பாடு. காலையில் என் ஸ்கூட்டரைப் பார்த்தாலே நஞ்சம்மா, “இருண்ணா, போணி ஆவட்டும்” என்பார். நான் ஓரமாக நிற்பேன். நின்று நின்று எனக்கு அந்தத் தெருவில் எல்லாரையும் தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் வாங்கிப் போகிறவர்கள் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

செல்விக்குப் பெண் பிறந்தாள். இப்போது நாலு வயது. போன விடுமுறைக்கு வந்திருந்தபோது ஹாலில் பாட்டில் மூடிகளையும் தீப்பெட்டிகளையும் பரப்பி வைத்துக் கடை போட்டிருந்தாள். சுமதி அடுப்படியில் இருந்தாள், மற்ற எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், குழந்தையின் கடைக்கு ஒருவரும் வரவில்லையே என்று நான்தான் எழுந்து போய், தரையில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு மூடி என்ன விலை என்று கேட்டேன்.

அவள் சட்டென்று இரண்டு கையாலும் கடையை மூடிக்கொண்டாள்.

“நீ தள்ளி நில்லு மாமா” என்றாள். “அத்தே, சீக்கிரம் வா. மாமா மொதல்ல வந்துடுச்சு.”

சுமதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து இரண்டு மூடி வாங்கினாள். அதுவரை நான் கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன்.